இரண்டு விரதமும் ஒரு உப்பும்

என் மனைவி விரதம் பிடிப்பதில் கெட்டிக்காரி. நான் சாப்பிடுவதில். கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் இந்த வேலைப் பிரிவினை ஒரு சண்டையும் இல்லாமல் நடந்து வந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் சண்டை இருந்தது. எதிரே ஒருத்தி வெறும் தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருக்க, எனக்குச் சோறு இறங்குவதில்லை. இறங்காத கோபத்தில் இன்னும் இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன். அவள் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றுவாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. எனக்குக் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை. நட்டஈடு கேட்டு வருகிறவர்களின் முறைப்பாட்டைக் கேட்பதுதான் என் தொழில். லொறி மோதிய கதை, கடை எரிந்த கதை, வெள்ளம் புகுந்த கதை என்று பகல் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் என் முறைப்பாட்டைக் கேட்க ஆள் இல்லை. மனைவியைப் பற்றிய முறைப்பாட்டை மனைவியிடமே சொல்லி என்ன பயன்?

வருசத்தில் ஒருமுறை அவள் பிடிக்கும் பெரிய விரதம் கேதார கௌரி. புருசனுக்காகப் பெண்கள் பிடிப்பது. இருபத்தொரு நாள், பகலில் ஒன்றும் இல்லை, பொழுதுபட்ட பிறகு ஒருநேரம் மரக்கறிச் சோறு. கடைசி நாள் அமாவாசை. அன்று கோயிலில் காப்பு நூல் கட்டுவார்கள், பெண்களுக்கு இடக்கையில், ஆண்களுக்கு வலக்கையில். அவள் எனக்கும் ஒரு நூல் வாங்கிவந்து கட்டிவிடுவாள். அந்த நூல் அடுத்த வருசம் வரை என் கையில் அழுக்கேறிக் கிடக்கும்.

அந்த வருசம் அவள் அதோடு நிறுத்தவில்லை. கௌரி முடிந்த மறுநாளே கந்தசட்டி தொடங்கிவிடும். முருகனுக்கு ஆறு நாள். காப்பு நூல் கட்டிய கையோடு வந்து, சட்டியும் பிடிக்கப்போகிறேன் என்றாள்.

“உமக்கு விசரோ? ஒரு மாதமாக் காஞ்சுபோய் இருக்கிறீர்.”

“ஒருக்காப் பிடிச்சுப் பாக்கிறன். ஆறு நாள்தானே.”

“முருகன் கேட்டவரோ உம்மட்ட?”

“நீங்கள் சாப்பிடுங்கோ. நான் உங்களை மறிச்சனானோ?”

இப்படி ஒருத்தியோடு எப்படி வாதாடுவது? ஆறு நாளும் தண்ணீரும் இளநீரும்தான். வயிறு எரிகிறது என்று பார்மஸியில் வாங்கிய வெள்ளை மருந்தை மட்டும் போத்தலோடு வாயில் வைத்துக் குடித்தாள். கௌரிக் காலத்திலேயே அந்தப் பழக்கம் தொடங்கிவிட்டது. சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக, புதினா மணத்தோடு இருக்கும் அந்த மருந்து. விரதத்தில் அதைக் குடிக்கலாமா என்று கேட்டேன். மருந்து என்ன சாப்பாடா என்றாள்.

ஆறாம் நாள் சூரன்போர் பார்க்க ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போனாள். அவளுடைய தமக்கை, எனக்கு மச்சாள், பக்கத்தில் கொட்டாஞ்சேனையில் இருந்தார். கத்தோலிக்கரைக் கட்டியவர். அவருடைய வீட்டு மேசையில் அந்தோனியாரும் முருகனும் அடுத்தடுத்து நிற்பார்கள், ஒரே பூமாலையைப் பாதி பாதியாகப் பங்குபோட்டுக்கொண்டு. அன்று அங்கேயே தங்கி, மறுநாள் காலை பாறணை. விரதம் முடித்துச் சாப்பிடுவதற்கு மச்சாள் வாழையிலை போட்டு, பருப்பும் பாயாசமும் வடையுமாக ஒரு கல்யாணமே நடத்தியிருந்தார். என் மனைவி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாளாம். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டாள்.

மச்சாள் அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எனக்குக் கந்தோருக்கு ரெலிபோன் வந்தது. நான் ஏறிய பஸ்ஸை வழியில் செக் பொயின்றில் மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தமிழ்ப் பெயர் என்பதால் நான் மட்டும் ஓரமாக நிற்கவேண்டியிருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் நம்பி விடுவதற்குள் நேரம் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சத்திரசிகிச்சை அறைக்குள் இருந்தாள். குடலின் தொடக்கத்தில் இருந்த புண் ஓட்டையாகிவிட்டது என்றார் மச்சாள், கையில் ஜெபமாலையும் நெற்றியில் விபூதியுமாக.

உள்ளே கொண்டுபோக முன் டொக்டர்மார் அவளிடமே எல்லாம் விசாரித்திருக்கிறார்கள். என்ன வருத்தம், என்ன மருந்து, சாப்பாடு எப்படி.

“ஓம், நல்லாச் சாப்பிடுறனான்,” என்றாளாம் என் மனைவி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

மச்சாளும் விட்டுக்கொடுக்கவில்லை. “இண்டைக்குக் காலமை இலை போட்டு மூண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவள், டொக்டர். என்ர கண் முன்னால.”

இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் விசயம். சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் கிடப்பதுதான் எங்கள் ஆட்களுக்குப் பட்டினி. விரதம் வேறு கணக்கு. அதை யாராவது ஆஸ்பத்திரியில் போய் ஒரு வருத்தம் என்று சொல்வார்களா?

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். அவளை ஐ.சி.யூ.வில் மூச்சு மெஷினோடு படுக்க வைத்தார்கள். ஒரு நாளைக்குத்தான், பிறகு கழற்றிவிடலாம் என்றார்கள். தாதி ஒருத்தி அவளுடைய தாலியையும் வளையல்களையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு என்னிடம் தந்தாள். பைக்குள் வெட்டிய காப்பு நூலும் கிடந்தது. ஊசி போட இடக்கையில்தான் நரம்பு கிடைத்ததாம். மன்னிக்கவேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள். அவளுடைய கையிலும் பிக்குமார் ஓதிக் கட்டும் பிரித் நூல் ஒன்று இருந்தது, பாவம்.

நான் அந்த வெட்டிய நூலை எடுத்து என் வலக்கையில் என் நூலுக்கு மேலே முடிந்துகொண்டேன். அது முறையா பிழையா என்று யோசிக்கவில்லை. பைக்குள் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாளில் கழற்றவேண்டிய மெஷினைக் கழற்ற முடியவில்லை. கழற்றிப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய நெஞ்சு களைத்துப்போய் நின்றுவிடும், திரும்பப் பூட்டுவார்கள். குளுக்கோஸ் சேலைன் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு காய்ச்சல் வந்தது. வயிற்றில் வெட்டிய காயம் சிவந்து பழுத்தது. நெஞ்சிலும் சளி கட்டியது. கிருமி என்றார்கள். மருந்தை மாற்றினார்கள். கிருமி அசையவில்லை. இந்த வயதில், வேறு வருத்தம் ஒன்றும் இல்லாத பெண், ஏன் இப்படி எழும்பமாட்டேன் என்கிறாள் என்று அவர்களுக்கே விளங்கவில்லை. எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான். அவள் எனக்கு இல்லாமல் போகலாம்.

மச்சாள் தினமும் கொட்டாஞ்சேனையிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவருவார். விறாந்தை வாங்கில் உட்கார்ந்து பிரிப்பேன், பார்ப்பேன், திரும்பச் சுற்றிவைப்பேன். என் வாழ்க்கையில் சோறு என்னைத் தோற்கடித்தது அந்த நாட்களில்தான். எதிரே சிரித்துக்கொண்டு குழம்பு ஊற்ற ஆளில்லாமல் எனக்குச் சாப்பிடவே தெரியாது என்று அந்த வாங்கில் கண்டுபிடித்தேன்.

ஐ.சி.யூ.வுக்குப் பொறுப்பாக இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பெண். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி, எப்போதும் எழுதிக்கொண்டே கதைப்பார். ஒரு பின்னேரம் வந்து வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சிங்களத்தில்தான் கதைத்தார். நான் தமிழில் எழுதுகிறேன். மஹத்தயா என்றால் ஐயா.

“மஹத்தயா, உங்கள் மனைவிக்கு நாங்கள் தேடாத இடம் இல்லை. வருத்தம் வர முன் வீட்டில் எப்படி இருந்தார்? என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார்? சின்ன விசயம் என்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.”

எல்லாவற்றையும் சொல்லுங்கள்! என்னிடம் அப்படி யாரும் கேட்டதே இல்லை. என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். கோபம் வந்தால் நன்றாக ஓடும். அன்று ஓடியது.

“சாப்பிட்டால்தானே, டொக்டர், சொல்வதற்கு! இவள் சாப்பிடுகிறாளா? வெள்ளிக்கிழமை இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை. ஐப்பசி வந்தால் கௌரி என்று இருபத்தொரு நாள் ஒருநேரச் சோறு. அதுவும் கோழிக்குப் போடும் அளவு. இந்த வருசம் அதுவும் காணாது என்று அடுத்த நாளே முருகனுக்கு ஆறு நாள். தண்ணீர், டொக்டர், வெறும் தண்ணீர்! சட்டை தோளால் கழன்று விழுகிறது. சொன்னால் கேட்பாளா? கேட்டால் சிரிப்பாள்...”

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“கியன்ன, கியன்ன,” என்றார். சொல்லுங்கள், நிறுத்தவேண்டாம்.

“வயிறு எரிகிறது என்று வெள்ளை மருந்து வேறு. போத்தல் போத்தலாக. இரண்டு நாளைக்கு ஒரு போத்தல் முடியும். விரதத்துக்கு மருந்து பரவாயில்லையாம்! பிறகு ஒரே நாளில் இலை போட்டு மூன்று தரம் சோறு, பாயாசம். அதைத்தான் மச்சாள் உங்களுக்குப் பெருமையாகச் சொன்னார்.”

முறைப்பாடு கேட்கிற தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சொல்கிறவரின் கதையில் எந்த இடம் முக்கியம் என்பது கேட்கிறவரின் முகத்தில் தெரியக்கூடாது. அந்த டொக்டருக்கு அது தெரியாது. வெள்ளை மருந்து என்றதும் அவருடைய கண் கண்ணாடியை விடப் பெரிதானது. நான் இன்னும் பாதிக் கதை சொல்லவில்லை, அவர் எழும்பி உள்ளே ஓடிவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மறுநாள் கூப்பிட்டு விளக்கினார். இரத்தத்தில் பொஸ்பேற் என்று ஒரு உப்பு இருக்கிறதாம். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வழக்கமாகப் பார்க்கிற சோதனை இல்லை அது. தனியாகச் சொல்லி அனுப்பிப் பார்த்திருக்கிறார். அவளுக்கு அது அடிமட்டத்தில் கிடந்தது. கனநாள் சாப்பிடாத உடம்பு, இருக்கிற உப்பை மெல்ல மெல்லச் செலவழித்துவிடும். வெள்ளை மருந்து, சாப்பாட்டில் வருகிற கொஞ்சத்தையும் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும். அப்படிக் காய்ந்த உடம்புக்குத் திடீரென்று சோறும் பாயாசமும் குளுக்கோஸும் போனால், அதைச் சமிக்க ஒவ்வொரு கலமும் இரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரத்தம் வெறிச்சோடிப் போகும்.

“அதற்கும் கிருமிக்கும் என்ன, டொக்டர்?”

“வீட்டில் அடுப்பு இருக்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறது. நெருப்புக்குச்சி இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? கிருமியைக் கொல்கிற வெள்ளணுக்கள் அவருடைய இரத்தத்தில் வேண்டியமட்டும் இருக்கின்றன. வேலை செய்யச் சக்தி இல்லை. மூச்சிழுக்கிற தசையும் அப்படித்தான்.”

பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். “பொஸ்பேற் குறைந்த சத்திரசிகிச்சை நோயாளிகளுக்குக் கிருமி அதிகம் தொற்றுவதைப் பார்க்கிறோம். ஆனால் குறைந்ததால் தொற்றுகிறதா, தொற்றியதால் இன்னும் குறைகிறதா என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. குறைவு தெரிந்த பிறகு நிரப்பாமல் இருக்கவும் முடியாது.” தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டொக்டரை அன்றுதான் கண்டேன். அதற்குப் பிறகு அவர் கிழக்கு என்றால் எனக்கும் கிழக்கு.

குளுக்கோஸைக் குறைத்தார்கள். அந்த உப்பை மெல்ல மெல்லச் சேலைனில் ஏற்றினார்கள். அவசரப்பட்டால் இருதயத்துக்குக் கூடாதாம். காயத்தை ஒரு பக்கம் திறந்து கழுவினார்கள். கிருமி மருந்தும் தொடர்ந்து போனது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பங்கு பிரிக்க நான் ஆளில்லை. காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. ஒரு காலை நான் போய்க் கட்டிலருகில் நின்றபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். குழாய் வாயில் இருந்ததால் கதைக்க ஏலாது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த என் கையில் இரண்டு நூல் இருப்பதைப் பார்த்தாள். ஒன்று தன்னுடையது என்று கண்டுகொண்டாள். புருவம் நெரிந்தது. பெண்களின் காப்பை ஆம்பிளை கட்டுவதா என்று அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்திருக்காது. வெளியே வந்து, மச்சாள் கொண்டுவந்த பார்சலைப் பிரித்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன். மச்சாள் அழுதுகொண்டே இன்னொரு முட்டையையும் இலையில் வைத்தார்.

மெஷின் கழன்றது. சாதாரண வார்ட்டுக்கு மாற்றினார்கள். பால், முட்டை, நெத்தலி என்று அந்த உப்புள்ள சாப்பாடெல்லாம் கொடுக்கச் சொன்னார் டொக்டர். பால்மாவைக் கரைத்து நான் கரண்டியால் கொடுக்க, முகத்தைச் சுளித்துக் குடித்தாள். அந்த டொக்டர் ஒரு நாள் பார்க்க வந்து, என்னைக் காட்டி அவளிடம் சொன்னார்: “உங்கள் மஹத்தயா உங்களைப் பற்றி நல்ல நீளமாக முறைப்பாடு செய்தார். அது இல்லாவிட்டால் எங்களுக்கு வழி தெரிந்திருக்காது. இனி நீண்ட விரதம் ஒன்றும் வேண்டாம். சரியா?”

அவர் போகும்வரை பொறுத்திருந்தாள்.

“டொக்டரிட்ட என்னைப் பற்றிக் குறை சொன்னனீங்களோ?”

“ஓம். எல்லாம் சொன்னனான். இன்னும் கனக்க இருக்கு, அவவுக்கு நேரம் காணேல்லை.”

“வெக்கமா இல்லையோ உங்களுக்கு?”

“இஞ்சேரும், எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஒவ்வொரு வருசமும் கௌரிதானே பிடிக்கிறனீர். இந்த முறை என்னத்துக்குச் சட்டியும்?”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே பார்த்தபடியே சொன்னாள். “கௌரி வழமையா உங்களுக்காகப் பிடிக்கிறது. மற்றது... ஆவணியில உங்களைக் கொண்டுபோனாங்கள் எல்லே. திரும்பி வந்தால் சட்டியும் பிடிக்கிறன் எண்டு நேந்தனான்.”

ஆவணியில் நடந்ததை நான் இங்கே இன்னும் சொல்லவில்லை. எங்கேயோ குண்டு வெடித்த அடுத்த நாள், விடிகிற நேரம் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, ஆம்பிளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் பதிவு, வேலைக் கடிதம் எல்லாம் இருந்தும் என்னையும் கொண்டுபோனார்கள். சில நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். நான் வெளியே வந்தது என் சிங்களத்தாலும் சமயோசிதத்தாலும் என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பொலிஸ் பெரியவர் இப்படிக் கேட்டார், நான் இப்படி வெட்டினேன் என்று ஒவ்வொரு முறையும் வசனம் கூடிக்கொண்டே போகும். அவள் அதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்பாள், எனக்குத் தேத்தண்ணீர் தருவாள்.

எனக்கு அழுகை வந்தது. வார்ட் என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் பதறிப்போய், “பால் ஆறுது, தாங்கோ,” என்றாள்.

அடுத்த ஐப்பசியில் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதே டொக்டர்தான். கௌரியை அவள் மனமில்லாமல் விட்டிருந்தாள். கோயிலுக்கு மட்டும் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு வந்தாள். நிறை கூடியிருந்தது, காயம் நன்றாக ஆறியிருந்தது. டொக்டர் எழுதிக்கொண்டே எல்லாம் கேட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சேர்ட் கழுத்தில் தொளதொளத்துக்கொண்டு இருந்தது. அன்று நான் பிடித்த சட்டியின் ஐந்தாம் நாள். பாலும் பழமும்தான், வெறும் தண்ணீரில் இருக்க அவள் விடவில்லை.

“மஹத்தயா, நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?”

“ஓம், நல்லாச் சாப்பிடுறனான்,” என்றேன்.

தமிழில்தான் வந்தது. பொய் என்று எனக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. பக்கத்தில் என் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். டொக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேனையைக் கீழே வைத்தார்.

“கியன்ன,” என்றார் அவளிடம்.

அவள் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினாள்.